சந்தனம் பட்ட கருவி

சந்தனமும் ஸ்பிரிட்டும் சேர்ந்தால் ஒரு மணம் வரும். தனித்தனியாக வந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. கோயிலில் சந்தனம் மணக்கட்டும், ஊசிக்கு முன் தோலைத் துடைக்கும் பஞ்சில் ஸ்பிரிட் மணக்கட்டும், நான் பாட்டுக்கு இருப்பேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்தால்தான் கால் நின்றுவிடுகிறது. அண்மையில் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் அப்படி ஆயிற்று. கோயிலுக்குப் போய் வந்த ஓர் அம்மா ஒரு பக்கம். கிருமிநாசினியைக் கையில் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் மறுபக்கம். என் மாடி வந்தது. கதவு திறந்தது, காத்திருந்தது, மூடியது. நான் இறங்கவில்லை. மேல்மாடிவரை போய், யாரும் இல்லாத நடையில் நின்று, 'சொக்கு' என்று சொல்லிப் பார்த்தேன். சொல் வந்தது. இப்போதெல்லாம் வருகிறது.

சொக்கு என்பது சொக்கலிங்கம். கெலுகோரில் வீடு. இன்சூரன்ஸ் முகவர், செட்டியார் வீட்டுப் பிள்ளை, யாரிடமும் எதையும் விற்றுவிடும் வாய். பல ஆண்டுகளுக்கு முன் இதய வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். இருவருக்கும் பழுதான வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். வால்வு என்றால் இரத்தம் முன்னே போகத் திறந்து, திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் கதவு. எங்களுடையது மூடும்போதெல்லாம் 'டிக்' என்று சத்தம் போடும். அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். சொக்கு என் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "உன்னுது சத்தம் ஜாஸ்தியா இருக்குலா. மலிவு மாடல் போட்டுட்டானுங்களா, கவிஞரே?" என்றான். அன்று தொட்டு நட்பு. ஒருவன் டிக்கை மற்றவன் இருட்டிலும் அடையாளம் சொல்வோம்.

அந்தக் கதவில் இரத்தம் உறைந்து ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை. குறைந்தால் இரத்தம் கட்டியாகும், கூடினால் நிற்காமல் ஒழுகும். நடுவில் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் எண்ணுக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். உங்களுக்கு அந்த எண் ஒன்றாக இருக்கும். எங்களுக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் இருக்க வேண்டும்.

முன்பு அதற்காக மருத்துவமனைக் கிளினிக்கில் காத்துக் கிடப்போம். பிறகு கிளினிக்கே எங்கள் இருவருக்கும் வீட்டுக் கருவி கொடுத்தது. உள்ளங்கையில் அடங்கும். நகமளவு பிளாஸ்டிக் தகடு ஒன்றை அதில் செருக வேண்டும். சிப் என்போம். அதற்குள் முடியைவிட மெல்லிய வாய்க்கால்கள், வாய்க்காலின் வழியில் உலர்ந்த மருந்துப் பொடி. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் வைத்தால் அது தானாக வாய்க்காலில் ஏறிப் போகும், மருந்தோடு கலக்கும், உறையும். எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதை ஒரு சின்ன ஒளிக்கண் பார்த்து எண்ணாகச் சொல்லும். ஓர் ஆய்வுக்கூடத்தையே மடித்து நகத்தடியில் வைத்த மாதிரி. எனக்கு அதன் மேல் காதல். என் இரத்தம் அந்த ஓடையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ வரிகளை எழுதியிருக்கிறேன்.

சரஸ்வதி பூசையன்று என் மனைவி கமலா, வீட்டில் உழைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைப்பாள். தையல் இயந்திரம், மிக்ஸி, கீழே நிறுத்தியிருக்கும் காடி, என் மடிக்கணினி. கிரைண்டருக்குக்கூட ஒரு பொட்டு. அந்த ஆண்டு, கணவன் உயிரைக் காக்கிற கருவிக்கு மட்டும் வைக்காமல் விடுவதா என்று தோன்றியிருக்கிறது. தாராளமாக வைத்துவிட்டாள். சந்தனம் சிப் செருகும் வாயில் வழிந்து உள்ளே போய் ஒளிக்கண்ணை மூடிவிட்டது. மறுநாள் கருவி எண்ணுக்குப் பதிலாக, என்மேல் யாரோ கை வைத்திருக்கிறார்கள், என்னைப் பயன்படுத்தாதே, கிளினிக்கைக் கூப்பிடு என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. துடைத்தோம். சொன்னதையே சொன்னது.

கிளினிக்கைக் கூப்பிட்டேன். "கருவியைக் கொண்டாந்து குடுங்க, மாத்தித் தர்றோம். அதுவரைக்கும் இங்கேயே வந்து இரத்தம் குடுங்க" என்றார்கள். வேலை எனக்குத் தீவுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில். காலையில் பாலம், மாலையில் பாலம். சொக்குவிடம் புலம்பினேன்.

"பொட்டு வச்சதுக்குப் பூட்டிக்கிச்சா? என்னய்யா இது, சாமி கும்பிடத் தெரியாத மெஷினா இருக்கு" என்று சிரித்தான். "வா, எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு."

ஒரு பேரங்காடியின் மாடியில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை அது. எதையும் திறந்து கொடுப்பார்கள். கடைக்காரர் கருவியைத் திருப்பிப் பார்த்து, "போலே, பாஸ். முடியும்" என்றார். பூட்டை எடுத்துவிட்டால் கிளினிக் சிப் மட்டும்தான் என்றில்லை, எந்த சிப்பும் ஓடும் என்று ஒரு பெட்டியையும் காட்டினார். பாதி விலைக்கும் கீழே. சொக்குவின் கருவியில் ஒரு கோளாறும் கிடையாது. ஆனாலும், "எனக்கும் சேத்துத் தொறந்துரு பாஸ். கவிஞருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?" என்று பையிலிருந்து எடுத்து நீட்டினான். பெட்டியைத் தானே வாங்கி, அங்கேயே ஓர் ஐஸ் கச்சாங் கடையில் உட்கார்ந்து, ஆளுக்குப் பாதியாகப் பிரித்தான்.

வீட்டில் "ரிப்பேர் பண்ணியாச்சு" என்றேன். கமலா கருவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதன் பிறகு வந்த எண்கள் எல்லாம் அழகான எண்கள். இரண்டு புள்ளி எட்டு. இரண்டு புள்ளி ஏழு. ஒரு தடவை மூன்று. தீபாவளி போனது. கந்த சஷ்டிக்கு நானும் சொக்குவும் வழக்கம்போல் விரதம் பிடித்தோம். ஒருவேளைச் சாப்பாடு, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறி இறங்குவது. அந்த ஒருவேளையில் கமலா முருங்கைக்கீரை, சயூர் மானிஸ், கங்கோங் என்று ஏதாவது ஒரு கீரையைக் குவித்துவிடுவாள். கீரை வார்ஃபரினுக்கு எதிரி. இரத்தத்தைக் கட்டியாக்கும். ஒவ்வொரு சஷ்டிக்கும் எண் இறங்கும், கிளினிக்கில் கேட்டு அரை மாத்திரை கூட்டிக்கொள்வோம். இந்தத் தடவை இறங்கவே இல்லை. "முருகன் பாத்துக்கிட்டான்" என்று சொக்கு செய்தி அனுப்பினான். வேல் படம் வேறு.

ஒரு காலையில் கருவி இரண்டு புள்ளி எட்டு என்றது. காப்பித் தம்ளரை எடுத்தேன். கை எடுத்தது, ஆனால் பிடிக்கவில்லை. தம்ளர் போன வழியே கையும் போனது. "கமலா" என்று கூப்பிட நினைத்தேன். என் வாயில் யாரோ ஈரத்துணியைச் சுருட்டி வைத்ததுபோல் இருந்தது. அவள் ஓடி வந்து, "என்னங்க, மயக்கமா? நெஞ்சு வலிக்குதா?" என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா" என்றது வாய்.

பக்கவாதம். வால்வில் ஒட்டியிருந்த உறைகட்டியிலிருந்து ஒரு துணுக்கு கழன்று மூளைக்குப் போய், பேச்சு குடியிருக்கும் இடத்துக்கு வரும் குழாயை அடைத்திருந்தது. தலையை வளையத்துக்குள் நுழைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு தொண்டை வழியாகக் குழாய் இறக்கி, இதயத்தைப் பின்னாலிருந்து பார்த்தார்கள். கேட்பதெல்லாம் எனக்குப் புரிந்தது. மலாயில் சொன்னாலும் புரிந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை. வலது கை துணிபோல் கிடந்தது, ஆகவே எழுத்தும் இல்லை. முப்பது ஆண்டாகச் சொற்களை மேய்த்தவனிடம் மிஞ்சியது ஒரே ஓர் ஆடு. ஆமா. பசிக்கிறதா? ஆமா. வலிக்கிறதா? ஆமா. இந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் பெயர் என்ன என்று கேட்டிருந்தால் அதற்கும் ஆமாதான். இந்த நோயில் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும், அது சொல்ல நினைத்ததாக இருக்க வேண்டியதில்லை என்று பேச்சுப் பயிற்சியாளர் பிறகு வந்து விளக்கினார். அவர் வரும்வரை என் ஆமாவை எல்லோரும் ஆமா என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மருத்துவர்கள் கூட்டமாக வந்தார்கள். கோப்பைப் பார்த்து ஒருவர் ஆங்கிலத்தில் வாசித்தார்: ஐ.என்.ஆர். ஒன்று புள்ளி இரண்டு. மாத்திரையே சாப்பிடாதவனின் இரத்தம்.

இளம் தமிழ் மருத்துவர் ஒருத்தி கமலா பக்கம் திரும்பினாள். "ஆன்டி, மருந்து ஒழுங்கா குடுத்தீங்களா?"

"நாந்தான் டாக்டர் கையில எடுத்துக் குடுப்பேன். ஒரு நாள் விட்டதில்ல."

"சில பேரு வாயில போட்டுட்டு அப்புறம் துப்பிருவாங்க." என்னிடம் குனிந்தாள். "அங்கிள், மாத்திரைய சாப்பிடாம விட்டீங்களா?"

"ஆமா."

கமலாவின் முகம் அப்போது போன போக்கை நான் எழுதப் போவதில்லை. மருத்துவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். அவள் ஈரத்துணியை நனைத்து என் காது மடலுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், விரல் இடுக்கில் எல்லாம் துடைத்தாள். கோபத்தில் துடைக்கும் கை இப்படி மெதுவாக இருக்காது. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அந்தக் கை துடைக்கத் துடைக்க எனக்குள் கணக்கு ஓடியது. முந்தின நாள் காலை இரண்டு புள்ளி எட்டு. மருத்துவமனையில் ஒன்று புள்ளி இரண்டு. ஒரே இரத்தம், இரண்டு எண். அப்படியானால் கருவி பொய் சொல்கிறது. பூட்டை எடுத்த நாளிலிருந்தே சொல்லியிருக்கிறது. அப்படியானால் சொக்குவின் கருவியும். அதே கடை, அதே பெட்டி, அதே சஷ்டி, அதே கீரை. இது தெரிந்த ஒரே ஆள் நான். என்னிடம் இருந்தது ஒரு சொல்.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் சொக்கு வந்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த நாள் கமலா காலியான மாத்திரை அட்டைகளை எல்லாம் குப்பையிலிருந்து பொறுக்கிக் கழுவிக் கொண்டுவந்து அந்த இளம் மருத்துவரின் முன் பரப்பினாள். "என் வீட்டுக்காரர் துப்புற ஆளு இல்ல டாக்டர். மெஷின்ல தினம் நல்ல நம்பர்தான் வந்துச்சு." மெஷினா, எந்த மெஷின் என்று மருத்துவர் கேட்டாள். கருவி வந்தது. என் நரம்பிலிருந்து எடுத்த அதே இரத்தத்தில் ஒரு சொட்டை அதற்கும் வைத்தார்கள். இரண்டு புள்ளி ஒன்பது என்றது. பிறகு ஒருவர், ஏதோ தோன்றியவர்போல, இரத்தமே வைக்காமல் குழாய்த் தண்ணீரை வைத்தார். இரண்டு புள்ளி ஏழு.

கமலாவுக்கு அப்போதுதான் சொக்குவிடமும் இதே கருவி இருப்பது உறைத்திருக்கிறது. நடைக்கு ஓடிப் போய் அவன் வீட்டைக் கூப்பிட்டாள். எடுத்தது அவன் மனைவி மீனாள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர். பின்னால் அழுகைச் சத்தம்.

அவள் திரும்பி வந்து வெகுநேரம் என் போர்வையை நீவிக்கொண்டே இருந்தாள். மடிப்பு இல்லாத இடத்தை நீவினாள்.

"சொக்கு அண்ணே போயிட்டாருங்க. காலையில குளிக்கப் போனவரு."

"இல்லை" என்றேன்.

வந்த இரண்டாவது சொல் அது. முழுதாக, தெளிவாக, உச்சரிப்புப் பிசகாமல். ஒரு நாள் முன்னால் வந்திருக்க வேண்டிய சொல். பக்கத்துக் கட்டில் பெரியவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். நர்ஸ் மிஸி ஓடி வந்து, பேசுறார் பேசுறார் என்று மகிழ்ந்தாள். நான் இல்லை இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பிறகு வந்த நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. சொட்டு சொட்டாக நரம்பில் இறங்கிய ஹெப்பாரின்; வார்ஃபரின் மறுபடி ஏறும்வரை உறைவைத் தடுக்கும் மருந்து அது. சக்கர நாற்காலியில் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்ட காத்திருப்பு. என் மகன் கோலாலம்பூரிலிருந்து வந்து, என் கால் நகங்களை வெட்டிவிட்டுப் போனது. பேச்சுப் பயிற்சியில் பூனைப் படத்தைக் காட்டினால் எனக்கு மலாய்ச் சொல் முதலில் வந்தது. 'பூனை' வர இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க வெட்கமாக இருந்தது.

கமலாவின் தங்கை மகள் யாழினி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். இப்படிப்பட்ட சிப்புகளில் யாரும் கள்ளத்தனம் செய்துவிடாமல் காவல் வைப்பதுதான் அவளுக்கு வேலை. மருத்துவமனை அனுமதியோடு இரண்டு கருவிகளையும் திறந்து பார்த்தாள். இரண்டாவதை மீனாள் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"சிப் எல்லாம் ஏற்கெனவே யாரோ பாவிச்சது பெரியப்பா. குப்பையில எடுத்துக் கழுவி, புது உறை போட்டிருக்காங்க. மருந்துப் பொடியே இல்ல. அதனால மெஷின் 'கெட்ட சிப்'புன்னு கத்தணும். கத்தக்கூடாதுன்னு உள்ள ஒரு குட்டிப் பொருளை ஒட்டி வச்சிருக்காங்க." கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். எள்ளில் பாதி. "ஒளிக்கண்ணு என்ன பாத்தாலும் இது குறுக்க நின்னுக்கிட்டு, தன்கிட்ட இருக்கிற நம்பர்ல ஒண்ண எடுத்துக் குடுக்கும். ஒரே நம்பரா குடுத்தா சந்தேகம் வரும்ல? அதான் கொஞ்சம் ஏத்தி எறக்கிக் குடுக்குது."

நான் இடது கையால் கோணலாக எழுதிக் காட்டினேன்: சந்தனம்?

அவள் கமலாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதுக்குச் சாமி யாரு திருடன் யாருன்னு தெரியாது பெரியப்பா. கண்ணை மறைச்சா கத்தும், அவ்வளவுதான். அப்படிக் கத்துறதுக்குத்தான் நாங்க மாசக்கணக்கா மண்டைய உடைக்கிறோம். பெரியம்மா செஞ்சது தப்பே இல்ல. கத்துனத கேக்காம வாயைக் கட்டிட்டாங்க, அதுதான்."

கமலா சன்னல் பக்கம் நின்றிருந்தாள். கேட்டிருப்பாள்.

போலீசில் புகார் இருக்கிறது. கடை இருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ கைப்பேசி உறை விற்கிறார்கள். கழுவிய சிப்புகள் இன்னும் யார் யார் வீட்டு அலமாரியில் நல்ல எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கின்றனவோ, அதை நினைத்தால் என்னால் உட்கார முடிவதில்லை. இதை எழுதுவதே அதனால்தான். உங்கள் வீட்டில் இருக்கும் கருவி ஒரு நாள் பூட்டிக்கொண்டால் எரிச்சல் வரும். வரட்டும். கொண்டுபோய்க் கிளினிக்கில் கொடுங்கள், வரிசையில் நில்லுங்கள். எண் நன்றாகவே இருந்தாலும் அவ்வப்போது நரம்பிலிருந்து இரத்தம் கொடுத்து ஒப்பிடுங்கள். இந்த ஆண்டு பூசைக்குக் கமலா சந்தனக் கிண்ணத்தோடு புதிய கருவியின் முன் நின்றாள். கை போய்த் திரும்பியது. மேசைக்குப் பொட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இனி அந்த மாலை.

சொக்கு வந்தபோது கையில் ஒரு பை ஆரஞ்சு. சட்டையில் சந்தன வாசனை. தண்ணீர்மலைக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தான். மிஸி சற்று முன்தான் என் கையை ஸ்பிரிட்டால் துடைத்திருந்தாள். கமலா மருந்தகத்துக்குப் போயிருந்தாள். வார்டுக்கு வரும் படியில் ஏறியதற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னய்யா கவிஞரே, பேச மாட்டியாமே? உலகத்துக்கே நிம்மதி."

"ஆமா" என்றேன்.

சிரித்தான். சிரிப்பு இருமலாக முடிந்தது. என் இடது கை அவன் சட்டைப் பையில் புடைத்திருந்த கருவியைத் தொட்டது. தட்டினேன். மறுபடி தட்டினேன். தலையை இல்லை என்று ஆட்டினேன், ஆட்டியதாக நினைத்தேன். தலையும் மேலும் கீழும்தான் போயிருக்கும்போல.

"இதுவா? இதப் பத்திக் கவலப்படுறியா?" வெளியே எடுத்தான். "காலையில பாத்தேன். ரெண்டு புள்ளி எட்டு. பர்ஸ்ட் கிளாஸ். நல்ல சாமான் வாங்கியிருக்கோம், இல்ல?"

"ஆமா."

கருவியை அவன் கையிலிருந்து தட்டிவிட்டேன். போர்வையில் விழுந்தது. அவன் பயந்துவிட்டான். என் கையைப் பிடித்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். "டேய். டேய். ஒண்ணும் ஆகல. உனக்குச் சரியாயிரும். அழுவாத."

அழுதேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் குனிந்து என்னை அணைத்தான். என் காது அவன் நெஞ்சில் பட்டது. எத்தனையோ ஆண்டாக எனக்குத் தெரிந்த சத்தம். இருட்டிலும் அடையாளம் சொல்வேன். அது இல்லை. இருந்த இடத்தில், பஞ்சுக்குள் பொதிந்து வைத்த மாதிரி, மங்கலாக ஏதோ ஒன்று தட்டியது. அவன் வால்வுக் கதவில் கட்டி ஏறிவிட்டது.

அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். இருக்கிற பலம் எல்லாம் அந்த இடது கையில். மிஸி வந்து, "அங்கிளுக்கு டென்ஷன் ஆவுது, நேரமும் முடிஞ்சிருச்சு, நாளைக்கு வாங்க" என்றாள். என் விரல்களை ஒவ்வொன்றாக, மிக மெதுவாக, அவனே பிரித்தான். கருவியை எடுத்துப் பையில் போட்டான். ஆரஞ்சுப் பையை என் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தான். வாசல்வரை போய், கதவைப் பிடித்து மூச்சு வாங்கி, திரும்பினான்.

"அப்ப நான் போயிட்டு வரட்டுமா, கவிஞரே?"

"ஆமா."